நீலகிரி சோலைக்கிளியும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும்: ஒன்றா, இரண்டா?

கோத்தகிரி_வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் லாங்வுட் சோலைக்குள் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். பாதை ஓரத்தில் ஈரச் சருகைப் புரட்டிக்கொண்டு ஒரு குருவி. முதுகும் மார்பும் கருநீலம், விலாவில் செங்கல் பொடி தூவியதுபோல ஒரு செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் வெள்ளை. நான் பத்து அடி தூரத்தில் நின்றேன். அது இரண்டு தத்து தத்தும், அப்படியே சிலைபோல நிற்கும், தலையைச் சாய்த்துத் தரையைப் பார்க்கும், டக்கென்று ஒரு புழுவை இழுக்கும். ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன். அப்புறம் குறிஞ்சிப் புதருக்குள் போய்விட்டது.

இந்த வாரம் கொடைக்கானல் போனபோது பாம்பார் சோலைப் பக்கம் அதே நடை, அதே நிற்பு, அதே அளவில் ஒன்று. ஆனால் விலாவில் செம்பழுப்பே இல்லை, நீலச் சாம்பல்தான். நெற்றியில் வெளிறிய கோடு பளிச்சென்று தெரிந்தது. "அப்பா, இது பெட்டையா?" என்று என் பையன் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் இருக்கும் பழைய கையேட்டில் இரண்டும் ஒரே பறவை என்று போட்டிருக்கிறது. இணையத்தில் இரண்டு பெயர் வருகிறது. எது சரி?

பழனிமலை_நடையன்

உங்கள் பையன் நன்றாகக் கவனித்திருக்கிறான், ஆனால் பெட்டை இல்லை. இரண்டிலுமே ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்கள் பார்த்தது இரண்டு வேறு இனங்கள்.

கோத்தகிரியில் பார்த்தது நீலகிரி சோலைக்கிளி, ஷோலிகோலா மேஜர். கொடைக்கானலில் பார்த்தது வெண்வயிற்றுச் சோலைக்கிளி, ஷோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ். பெயரில் வெண்வயிறு என்று வருவதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள், வெள்ளை இரண்டுக்குமே உண்டு. விலாவைப் பாருங்கள். செம்பழுப்பு இருந்தால் நீலகிரிக்காரர், இல்லையென்றால் தெற்கத்திக்காரர். நெற்றிக் கோடும் தெற்கத்திப் பறவைக்குத்தான் எடுப்பாக இருக்கும்.

சொல்லப்போனால், வெளியில் இரண்டையும் பிரித்தறிய நிறமே பார்க்க வேண்டாம். நீங்கள் நிற்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கா தெற்கா என்று தெரிந்தால் போதும். வடக்கே நீலகிரி, அங்கிருந்து குடகு, பாபாபுதன் மலை வரை ஒன்று. தெற்கே ஆனைமலை, பழனிமலை, மூணாறு, ஏலமலை என்று மற்றொன்று. இரண்டும் சேர்ந்து வாழும் இடம் ஒன்றுகூடக் கிடையாது.

சிறகியல்

வகைப்பாட்டுக் கதையை நான் சொல்கிறேன். முதுகலை படித்த காலத்திலிருந்து எனக்குப் பிடித்த கதை இது.

இந்தப் பறவையை முதலில் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான். அவர் இதைச் செவ்வாலிகளோடு சேர்த்து 'பீனிக்யூரா மேஜர்' என்றார். 1860களில் பிளான்ஃபோர்டு தெற்கத்திப் பறவையை விவரித்தபோது 'காலீன் ஆல்பிவென்ட்ரிஸ்' என்று பெயர் வைத்தார். அதாவது ஆரம்பத்தில் இரண்டு பெயர், இரண்டு இனம். அதன் பிறகு வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, இமயமலைக் குட்டைச்சிறகன்களின் பேரினமான பிராக்கிட்டெரிக்ஸில் வைத்துவிட்டார்கள். சலீம் அலி காலத்துக் கையேட்டில் ஒரே இனம், இரண்டு உள்ளினம் என்றுதான் இருக்கும். கோத்தகிரி அண்ணன் வைத்திருப்பது அந்த வழியில் வந்த புத்தகமாக இருக்க வேண்டும்.

2005இல் வந்த தெற்காசியப் பறவைக் கையேடு ஒன்று மறுபடி இரண்டாகப் பிரித்தது. குட்டைச்சிறகன் இல்லை என்று சொல்லி 'மையோமிலா' பேரினத்துக்கு மாற்றியது. அதுவும் நிலைக்கவில்லை.

2010இல் வி.வி. ராபின் என்ற ஆய்வாளரின் குழுவினர் மரபணு எடுத்துப் பார்த்தார்கள். மலைமலையாகப் போய், வலை கட்டி, பறவையைப் பிடித்து, துளி ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிட்டு செய்த வேலை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. 2017இல் அடுத்த அடி. இவை செவ்வாலியும் இல்லை, குட்டைச்சிறகனும் இல்லை. ஈப்பிடிப்பான் குடும்பத்துக்குள் நீல ஈப்பிடிப்பான்களும் நில்டவா என்ற பேரினப் பறவைகளும் இருக்கும் கிளைக்குத்தான் நெருக்கம். தரையில் நடந்து இரை தேடும் பழக்கத்தைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் ஏமாந்திருக்கிறார்கள். எந்தப் பேரினத்திலும் ஒட்டவில்லை என்பதால் புதிதாக ஒன்று உண்டாக்கினார்கள்.

அந்தப் பெயர்தான் ஷோலிகோலா. 'ஷோலா' நம் சோலை. 'இன்கோலா' என்றால் லத்தீனில் குடியிருப்பவர். சோலைவாசி! உலகம் முழுக்கப் பறவையியலார் எழுதும் பெயருக்குள் நம் சொல் உட்கார்ந்திருக்கிறது. முதல்முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வால்பாறை_மழை

> எந்தப் பேரினத்திலும் ஒட்டவில்லை என்பதால் புதிதாக ஒன்று உண்டாக்கினார்கள்

சார், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். ஒன்று என்றார்கள், இரண்டு என்றார்கள், மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. இதனால் பறவைக்கு என்ன ஆனது? இங்கே வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். காடு இருந்தால் பறவை இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. பெயரில் இவ்வளவு உழைப்பைப் போடுவதற்குப் பதிலாக நாலு மரம் நடலாமே என்று தோன்றுகிறது.

சிறகியல்

நியாயமான கேள்வி. பெயர் மாறியதால் பறவைக்கு என்ன ஆனது என்பதற்கு இதே பறவைதான் உதாரணம்.

ஒரே இனமாக இருந்தவரை, ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்பு' நிலை என்று ஒரே வரியில் முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதி முழுக்க இருக்கிறது, ஓரிடத்தில் குறைந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும் என்ற கணக்கு. இரண்டாகப் பிரித்ததும் நீலகிரிப் பறவையைத் தனியாக எடைபோட வேண்டி வந்தது. அதன் உலகம் அந்த வடக்கத்தி மலைகள் மட்டும்தான். அதிலும் சோலை இருக்கும் உச்சிகள் மட்டும். இன்று அது 'அழிநிலை'யில் இருக்கிறது. வெண்வயிற்றுச் சோலைக்கிளி 'அழிவாய்ப்பு' நிலையில், ஆபத்தில் ஒரு படி குறைவு.

பட்டியலில் இப்படிப்பட்ட பறவைகளுக்குத் தலையை எண்ணுவதைவிடப் பரப்பைத்தான் பார்க்கிறார்கள். ஒரு இனம் பரவியிருக்கும் பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்து, அதுவும் துண்டுபட்டு, தேய்ந்துகொண்டும் இருந்தால் அழிநிலை. 20,000க்குக் குறைவு என்றால் அழிவாய்ப்பு. ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒன்றின் பரப்பு இன்னொன்றின் தேய்வை மறைத்துவிடும். நீலகிரியில் இந்தக் குருவி முழுக்கப் போய்விட்டாலும், பழைய கணக்கில் "இனம் இருக்கிறது" என்றுதான் எழுதியிருப்போம்.

அப்புறம் மரம் நடுவது பற்றி. தயவுசெய்து நடாதீர்கள்! இந்த மலைகளில் பாதிக் கேடு மரம் நட்டதால் வந்தது. நீலகிரிக்காரர் யாராவது விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மூணாறு_தேயிலை

நடுவில் ஒரு பெயர் விஷயம். எங்கள் வீடு தோட்டத்து லயத்தில். அப்பா அம்மா தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். மலையாளத்தில் 'கிளி' என்றால் எந்தச் சின்னப் பறவைக்கும் பொருந்தும். தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளிதான் முன்னால் வந்து நிற்கும். ஆங்கிலத்திலும் 'ஷோலகிளி' என்றே இப்போது எழுதுகிறார்கள். அதை அப்படியே தமிழில் 'சோலைக்கிளி' ஆக்கியதால், ஊரில் யாரிடம் சொன்னாலும் "பச்சையா இருக்குமா, பேசுமா?" என்று கேட்கிறார்கள். சோலைக்குருவி என்றோ, லத்தீன் பெயரின் பொருளிலேயே சோலைவாசி என்றோ சொன்னால் என்ன? எனக்குச் சோலைக்குருவிதான் பிடித்திருக்கிறது.

பழனிமலை_நடையன்

சோலைக்குருவி அழகாக இருக்கிறது. ஆனால் தமிழ்ப் பட்டியல்களில் சோலைக்கிளி ஏறிவிட்டது. இன்னொரு பெயரை இறக்கினால் தேடுகிறவர்களுக்குத்தான் சிரமம். இந்த இழையில் சோலைக்கிளி என்றே போவோம், பேச்சில் உங்கள் பெயரைப் பயன்படுத்துவோம்.

நீலமலைத்_தேன்

மரம் நட்ட கதையை நான் சொல்கிறேன். நான் பிறந்தது குந்தா பக்கம்.

முதலில் சோலை எப்படி இருக்கும் என்று பார்த்திராதவர்களுக்கு. பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில், ஓடை இறங்கும் பள்ளங்களில் மட்டும் குட்டையான அடர்ந்த காடு. மேடெல்லாம் புல்வெளி. சோலைக்குள் மரங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும், அடிமரம் முழுக்கப் பாசி. காட்டுச் செண்பகமும் நாவல் வகைகளும், கீழே குறிஞ்சி இனங்களும். தரையில் விரல் ஆழத்துக்குச் சருகு, எந்த மாதத்திலும் ஈரம் காயாது. சோலைக்கிளிக்கு வேண்டியது அந்த ஈரச் சருகும் நிழலும்தான். அது சோலையை விட்டு வெயிலில் பறந்து அடுத்த மலைக்குப் போகிற பறவை இல்லை.

வெள்ளைக்காரன் வந்து புல்வெளியைப் பார்த்ததும் தரிசு என்று எழுதிவிட்டான். 1840களிலேயே ஊட்டிக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்துவிட்டது, சீகை மரம் (வாட்டில்) அதற்கும் முன்னால். விறகுக்கு என்றார்கள், தோல் பதனிடப் பட்டைக்கு என்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளுக்குக் கூழ் வேண்டும் என்று இன்னும் வேகமாக நட்டார்கள். தேயிலை ஒரு பக்கம், உருளைக்கிழங்கும் கேரட்டும் இன்னொரு பக்கம், அணைகள் வேறு. எங்கள் தாத்தா எருமை மேய்த்த புல்மேடு இன்று முழுக்கச் சீகைக்காடு. அவர் சொன்ன ஓடைகளில் இரண்டு கோடையில் வற்றிவிடுகின்றன.

சோலைகள் மிஞ்சியது எப்படி என்றால், ஊருக்குத் தண்ணீர் தருவதால் சில, பள்ளத்தில் ஏற முடியாததால் சில. லாங்வுட் வெறும் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் வீடும். அதற்குள் இருக்கும் சோலைக்கிளி அடுத்த சோலைக்கு எப்படிப் போகும்? 2015இல் வந்த ஆய்வு ஒன்று இதையேதான் காட்டியது. பழைய பெரும் பள்ளங்கள் பிரித்தது போதாதென்று, மனிதன் அண்மையில் வெட்டிய இடைவெளிகளும் பறவைகளின் மரபணுவில் தெரிய ஆரம்பித்துவிட்டன.

அதனால்தான் எங்கள் ஊர்ப் பறவை ஒரு படி மோசமான நிலையில் இருக்கிறது. சீகையையும் பைனையும் வேரோடு எடுத்துப் புல்வெளியை மீட்க வேண்டும். வேறு வழி இல்லை.

பழனிமலை_நடையன்

> சீகையையும் பைனையும் வேரோடு எடுத்துப் புல்வெளியை மீட்க வேண்டும்

இங்கேதான் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். புல்வெளி இழப்பு எங்கள் மலையில் குறைவு என்று நினைக்க வேண்டாம். 2018இல் வந்த செயற்கைக்கோள் பட ஆய்வின்படி நாற்பது ஆண்டுகளில் பழனிமலையில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. அந்த வலியும் எனக்கு உண்டு.

ஆனால் வட்டக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளுக்குள் நடந்து பாருங்கள். நிழலில் சோலை மரக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து நிற்கின்றன. நாவல், செண்பகம், காட்டுக் கறுவா. யாரும் நடவில்லை, பறவைகள் போட்ட விதை. சோலையை ஒட்டிய இப்படிப்பட்ட தோப்பில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி பாடுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். விடியலுக்கு முன் இருட்டில், அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அத்தனை நீளமான சீழ்க்கை. அங்கே இயந்திரத்தை விட்டு ஒரேயடியாக வெட்டினால் முதலில் சாவது அந்தக் கன்றுகள். வெயில் பட்டதும் மண்ணுக்குள் காத்திருக்கும் சீகை விதை எல்லாம் ஒன்றாக முளைக்கும். மூன்றே வருடத்தில் முன்பைவிட அடர்ந்த சீகைக்காடு கிடைக்கும்.

பைன் வேறு கதை. அதன் ஊசிச் சருகுக்குக் கீழே ஒன்றும் முளைக்காது, அங்கே இந்தக் குருவியை நான் பார்த்ததே இல்லை. எனவே இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மேட்டில் புல்லுக்குள் புதிதாக நுழையும் சீகைக் கன்றைக் கையால் பிடுங்குவோம். பள்ளத்தில் சோலையாக மாறிக்கொண்டிருக்கும் பழைய தோப்பைத் தொடாமல் விடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பறவை கூடு வைப்பது மரப்பொந்திலும் மண்சரிவில் உள்ள குழியிலும். சில வருடம் முன்பு ஒரு காட்டுப் பாதையின் மண்சரிவில், என் முழங்கால் உயரத்தில் ஒரு குழி. பாசியை அடைத்து மெத்தை செய்து இரண்டு முட்டை. மூன்று நாள் தூரத்திலிருந்து மட்டும் பார்த்தேன். ஏப்ரல் மாதம். நாலாம் நாள் பாதையை அகலப்படுத்துவதற்காக அந்தச் சரிவை மண்வாரி இயந்திரத்தால் வழித்துவிட்டார்கள். வேலை செய்தவர்களுக்கு அங்கே கூடு இருந்ததே தெரியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை சோலை ஓரத்து மண்சரிவுகளைத் தொடாதீர்கள் என்று ஒரு உத்தரவு போட்டால் என்ன செலவாகிவிடும்? அதை எண்ணினால் இப்போதும் வயிறு எரிகிறது.

நீலமலைத்_தேன்

மண்சரிவு விஷயம் மனதைப் பிசைகிறது. சீகை பற்றி நீங்கள் சொல்வதை யோசிக்கிறேன். எங்கள் பக்கம் பழைய தோப்பைவிடப் புதிதாகப் பரவும் சீகைதான் அதிகம், அதனால் என் பார்வை அப்படி அமைந்திருக்கலாம். சோலையை ஒட்டிய தோப்புகளை விட்டுவிடலாம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மேடு மட்டும் எனக்குத் திரும்ப வேண்டும்.

வால்பாறை_மழை

சிறகியல் சார், புரிந்தது. மரம் நடுவது பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு கேள்வி மட்டும். அந்தக் கணவாய் அப்படி என்ன பெரிய தடை? பறவைதானே, பறந்து போகாதா?

சிறகியல்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருப்பீர்கள். வாளையாறு தாண்டும்போது இரண்டு பக்கமும் மலை தூரத்தில் தெரியும், நாம் போவது சமதரையில். 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், உயரம் 150 மீட்டர்கூட இருக்காது. வெயில், பனைமரம், வயல். பருவக்காற்று அந்த வழியாகத்தான் கோவைக்குள் நுழைகிறது. ஈரச் சருகில்லாமல் வாழாத பறவைக்கு அது கடல் மாதிரி. அதனால்தான் இந்த மலைகளை வானத்தீவுகள் என்கிறார்கள்.

யானைகளிலும் இந்தக் கணவாய்க்கு வடக்கே தெற்கே என்று மரபணு வேறுபாடு உண்டு. நடந்தே நூறு கிலோமீட்டர் போகும் விலங்குக்கே அப்படி. சிரிப்பான்கள் என்ற மலைப் பறவைகளிலும் இதே கதைதான். நீலகிரிச் சிரிப்பான் அழிநிலையில், பழனிச் சிரிப்பான் அச்சுறு நிலையை நெருங்கும் பட்டியலில். சோலைக்கிளிகளுக்குப் பேரினம் வைத்த அதே 2017 ஆய்வுதான் சிரிப்பான்களுக்கும் 'மாண்டிசிங்லா' என்று தனிப் பேரினம் கொடுத்தது. ஒரே பள்ளம் இரண்டு பறவைக் குடும்பங்களை ஒரே இடத்தில் பிரித்திருக்கிறது.

அம்பை_காரன்

இவ்வளவு பேசிவிட்டு எங்கள் மலையை மறந்துவிட்டீர்களே! செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலையில் இருக்கும் சோலைக்கிளி என்னவாம்?

சிறகியல்

மறக்கவில்லை அம்பை அண்ணா, நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். செங்கோட்டைக் கணவாய் பாலக்காட்டைவிட மிகக் குறுகியது. ஆனால் அதற்குத் தெற்கே உள்ள பறவையும் மரபணுவில் தனியாகத் தெரிந்தது. 2017 ஆய்வில் அதற்கு 'ஷோலிகோலா அஷாம்புயென்சிஸ்' என்று பெயர் வைத்து மூன்றாவது இனமாகவே விவரித்தார்கள். ஆனால் எல்லாப் பட்டியல்களும் ஏற்கவில்லை. வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் உள்ளினமாக வைத்திருப்பவர்கள் நிறைய. வெளித்தோற்றத்தில் வேறுபாடு மிகக் குறைவு என்பதுதான் சிக்கல்.

என் கருத்தைக் கேட்டால், தனி இனமாகவே எடைபோட வேண்டும். வால்பாறைத் தம்பிக்கு மேலே சொன்ன காரணம்தான். நீலகிரிப் பறவைக்கு நேர்ந்தது இங்கேயும் நேரலாம். ஆனைமலையிலும் மூணாறிலும் நிறைய இருக்கிறது என்ற கணக்கில் அகத்தியமலைப் பறவையின் நிலை தெரியாமலே போகக்கூடும்.

அம்பை_காரன்

நன்றி. எங்கள் சோலைகள் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துக்குள் இருப்பதால் கோடாலி விழவில்லை, அந்த நிம்மதி உண்டு. ஆனால் உச்சியில் இருக்கும் பறவைக்கு வெப்பம் கூடினால் ஏறிப்போக மேலே மலை இல்லை. எனக்கு அந்தப் பயம்தான்.

கருவிழி_லென்ஸ்

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோலைக்கிளியை வெளியே வரவைக்கக் கைப்பேசியில் அதன் பாட்டைப் போடுகிறார்கள். நானும் முன்பு செய்திருக்கிறேன். இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டு வந்து சுற்றிச் சுற்றித் தேடும். ஒரு தடவை வாயில் புழுவோடு வந்து என் எதிரே நின்றது. குஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டிய இரை. பத்து நிமிடத்துக்கு மேல் போகவே இல்லை. அன்றோடு நிறுத்திவிட்டேன். கோத்தகிரி அண்ணன் சொன்னதுபோல ஓரிடத்தில் அசையாமல் நின்றாலே தானாக வரும். கூடு கட்டும் மாதங்களில் தயவுசெய்து பாட்டைப் போடாதீர்கள்.

கோத்தகிரி_வாசி

ஒரு கேள்வி கேட்டதற்கு இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

நேற்று பையனை லாங்வுட்டுக்குக் கூட்டிப்போனேன். பாட்டு எதுவும் போடவில்லை. முக்கால் மணி நேரம் அட்டைக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். வந்தது! அதே பாதை ஓரம், அதே சருகு. "விலா சிவப்பு, கோத்தகிரிக்காரர்" என்று பையன் என் காதுக்குள் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோட்டில் வரைந்திருக்கிறான். நடுவே பென்சிலால் ஒரு பள்ளம், அதற்குள் ஒரு ரயில்.

பழனிமலை அண்ணா, மண்சரிவு உத்தரவுக்கு மனு எழுதினால் என் கையெழுத்தும் உண்டு. எங்கள் பக்கம் எந்தெந்தச் சோலை ஓரத்தில் பாதை வேலை நடக்கிறது என்ற விவரத்தை இந்த மாதத்துக்குள் எடுத்துத் தருகிறேன்.

பழனிமலை_நடையன்

எழுதிவிடுவோம். முதல் வரைவை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன், எல்லோரும் திருத்துங்கள். மூணாறு, வால்பாறை, அம்பை நண்பர்களும் உங்கள் பகுதிச் சரிவுகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.